பெரிய தண்ணிக்குப் போன ஞாயிறு

இன்னும் சொல்லவில்லை. எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று ஜெனிட்டா நினைத்திருந்தாள், கேட்டைத் தாண்டியாயிற்று. தேயிலை முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டமாக ஒரு பாறை உண்டு, போகிறவர் வருகிறவர் யாரும் அதில் ஒரு நிமிஷம் உட்காராமல் போனதில்லை, அங்கே வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தாள், அம்மா உட்காரவே இல்லை. "பாத்து வா, வழுக்கும்" என்றாள், அதுவும் திரும்பாமல். முன்னால் அம்மா, பின்னால் இவள். அம்மாவோடு எங்கே போனாலும் இப்படித்தான். டவுன் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் கைகோத்து நடக்கலாம், அங்கேயும் சவேரியம்மா முன்னால்தான் போவாள், பக்கத்தில் வரமாட்டாள். முப்பத்தெட்டு வருஷம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் புகுகிற சந்தில் நடந்த கால், அதற்கு வேறு நடை தெரியாது. பார்ப்பதற்கு முதுகு மட்டும்தான் இருக்கிறது. பச்சை ஸ்வெட்டர், இலைப்பை தொங்கித் தொங்கித் தோள் பக்கம் நூல் தெரிகிறது. ஒரு முதுகிடம் போய் எப்படிச் சொல்வது, அம்மா, வீடு போச்சு என்று. போச்சு என்று சொன்னால் தானாகப் போன மாதிரி இருக்கிறது. தானாகப் போகவில்லை. நான்தான் போகட்டும் என்று சொன்னேன். அதை அப்படியே சொல்லிவிட வேண்டியதுதான், இதில் சுற்றிவளைக்க என்ன இருக்கிறது, நாலு வார்த்தை, அடுத்த வளைவில் சொல்லிவிட வேண்டும். அடுத்த வளைவு வந்தது. யானைச் சாணி கிடந்தது. "பழசு, பயமில்ல" என்று அம்மா சொன்னாள். இருவரும் அதைச் சுற்றிப் போனார்கள்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை. அம்மாவுக்கு இந்த மாசக் கடைசியோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. ஐம்பத்தெட்டு முடிந்தால் வேலை கிடையாது, வேலை இல்லாவிட்டால் லைன் வீடு கிடையாது. அந்த ஒரு அறையும் அடுப்படியும் எஸ்டேட்டுடையது, அம்மாவுடையது இல்லை. அம்மாவுக்குப் பதிலாக வீட்டில் ஒருத்தர் பேர் கொடுத்து இலை பறிக்க வந்தால் வீடு அப்படியே இருக்கும். வீட்டில் ஒருத்தர் என்றால் யார், அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, கூடப் பிறந்தது யாருமில்லை, நாற்பது வயதில் அம்மா வேண்டிக்கொண்டு பெற்ற ஒரே பிள்ளை. பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு மாசமாகச் சும்மா இருக்கிற பிள்ளை. லைனில் அத்தனை பேரும் முடிவே செய்துவிட்டார்கள், சவேரியம்மா கையை எடுத்தால் ஜெனிட்டா கையை வைப்பாள் என்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தாள், கேட்டால்தானே சொல்வதற்கு. நேற்று அம்மா ரிட்டயர்மென்ட் காகிதத்துக்கு போட்டோ எடுக்க டவுனுக்குப் போயிருந்தாள். காலை மஸ்டரில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிட்டு மலை பிரித்து அனுப்புகிற களத்தில், சூப்பர்வைசர் இவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டைத் திறந்து வைத்திருந்தார். "சவேரியம்மா மகதான? முழுப் பேரு சொல்லு, எழுதிக்கறேன்." எழுதாதீங்க என்றாள். "ஏன், அம்மா வரட்டும்கிறியா?" இல்ல, நான் வேலைக்கு வரல. "வீடு போயிருமே பாப்பா." தெரியும். தெரியும் என்று சொன்னபோது சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. நாற்பது பொம்பளைகள் இலைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுக் குருவம்மா மட்டும் "அடியாத்தி" என்றாள். அந்த அடியாத்தி இன்னும் காதிலேயே இருக்கிறது.

அம்மா கடைசி பஸ்ஸில் வந்தாள், தலைவலி என்று கஞ்சி குடித்துப் படுத்துவிட்டாள், யாரோடும் பேசவில்லை. ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்கு அம்மா மஸ்டருக்குப் போவாள், அங்கே நாற்பது வாய் காத்திருக்கிறது. அதற்குள் இவள் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை. அதனால்தான் விடிகாலையில் அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டே "பெரிய தண்ணிக்குப் போயிட்டு வருவமா" என்று கேட்டதும் உடனே சரி என்றாள். அப்புறம்தான் ஆச்சரியம் வந்தது. பெரிய தண்ணிக்கா? அம்மாவா? வெளியூர்க்காரர்களுக்கு அது அருவி, டிக்கெட் எடுத்து, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பனியனோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற அருவி. எஸ்டேட்டில் எல்லாருக்கும் அது பெரிய தண்ணி. ராத்திரி பகல் எந்நேரமும் அதன் சத்தம் லைனுக்குக் கேட்கும். முப்பத்தெட்டு வருஷம் கேட்டவள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. ஞாயிறு என்றால் விறகு, துணி, பூசை, சந்தை. இவள் பள்ளிக்கூடத்தோடு மூன்று தடவை போய் வந்துவிட்டு எப்படி இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்தால், "அதான் இங்கயே கேக்குதே, போய் வேற பாக்கணுமா" என்பாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, புகையிலையைச் சோப்பில் குழைத்து அட்டை ஏறாமல் இரண்டு பேர் காலிலும் பூசிவிட்டு, வா என்கிறாள். போகிற வீடு, அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பாளோ. அப்படியென்றால் போகிறோம் என்று தெரியுமோ. தெரியாது. தெரிந்தால் இந்த மாதிரி நடக்கமாட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் நடை தெரியும், குதிகால் தரையைக் குத்தும். இப்போது குத்தவில்லை.

காட்டுக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது, கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு பார்ப்பது மாதிரி. மேலே எங்கேயோ வெயில் அடிக்கிறது, அது கீழே வருவதற்குள் ஆயிரம் இலை கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் ஒரு சொட்டு ஈரமாகத்தான் கழுத்தில் விழுகிறது. மரமெல்லாம் பாசி போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு கருமந்தி தொண்டையைச் செருமியது, கிட்டத்தட்ட அப்பா மாதிரியே, உடனே அப்பா ஞாபகம், உடனே அதைத் தள்ளிவிட்டாள், இப்போது அதற்கு நேரமில்லை. அம்மாவின் கை நடந்துகொண்டே பாதையோரச் செடியில் ஏதோ ஒரு கொழுந்தைக் கிள்ளியது. அது தேயிலைகூட இல்லை, காட்டுச் செடி. கிள்ளியதுகூட அம்மாவுக்குத் தெரியாது. கிள்ளிப் போட்டுக்கொண்டே போகிறது அந்தக் கை. அந்த விரல்களைப் பார்த்தால் ஜெனிட்டாவுக்குப் பாவமாக இருக்காது, எரிச்சலாக இருக்கும். பாவமாக இருக்கிறது என்று சொன்னால் நல்ல பிள்ளை, எரிச்சலாக இருக்கிறது என்பதுதான் நிஜம். தேயிலைக் கறை ஏறி நுனியெல்லாம் கறுத்து, வெடித்து, ஜெபமாலை மணியை உருட்டும்போது நூலில் சிக்கும் விரல். நாலாம் வகுப்பு லீவில் ஒரு நாள் அம்மாவோடு மலைக்குப் போனாள், மழை, இடுப்பில் கட்டின தார்ப்பாயில் தண்ணீர் ஓடுகிறது, முட்டி வரைக்கும் அட்டை, அம்மா ஒரு தடவைகூட நிமிரவில்லை, மதியம் வரைக்கும் முகத்தையே காட்டவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தன் பத்து விரலையும் விளக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டாள், இது மாறக்கூடாது என்று. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன திமிர். திமிர்தான். இருக்கட்டும். கோயம்புத்தூரில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கப் பழக்கிக்கொடுக்கிறார்கள், ஆறு மாசம், அப்புறம் அங்கேயே வேலை, பள்ளிக்கூடத்து அக்கா ஒருத்தி இருக்கிறாள், விசாரித்து வைத்திருக்கிறாள். ரத்தத்துக்கு இவள் பயப்பட மாட்டாள், அட்டை கடித்து வளர்ந்தவளுக்கு ஒரு ஊசி எந்த மூலைக்கு. ஆனால் அது பெரிய ஆசை என்றெல்லாம் சொன்னால் அதுவும் பொய். அந்த லேப் இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று. எங்கே போகிறேன் என்று கேட்டால் தடுமாறுவாள், எங்கே இருக்கமாட்டேன் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள்.

பயம் அதில் இல்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது, கால்விரலுக்கு நடுவில் அட்டை ஒளிந்திருக்கிற மாதிரி, பார்க்காமல் இருக்கிற வரைக்கும் வலிக்காது. அம்மா அழுதால் என்ன செய்வது. திட்டினால் பரவாயில்லை, பதிலுக்குத் திட்டலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அழுதால்? அம்மா அழுது பார்த்ததில்லை, அப்பாவைப் பெட்டியில் வைத்தபோதுகூடப் பக்கத்தில் நின்று பூவைத்தான் சரிசெய்துகொண்டிருந்தாள். பார்க்காதது என்பதால் அதற்கு ஒரு அளவு தெரியவில்லை. அழுதால் நாளைக்குக் காலையில் நானே போய் நோட்டில் பேரை எழுதச் சொல்லிவிடுவேன். அதுதான் பயம். சும்மா இல்லை, நிச்சயமாக எழுதச் சொல்லிவிடுவேன். எழுதினால் நாற்பது வருஷம். பதினெட்டும் நாற்பதும் ஐம்பத்தெட்டு. கணக்கு எவ்வளவு அழகாக வருகிறது பாரேன், சனியன். கோயம்புத்தூரில் ஒரு அறை எடுத்து அம்மாவைக் கூட்டிப் போனால் அம்மா என்ன செய்வாள், காலை ஆறு மணிக்கு எழுந்து எங்கே போவாள், ரோட்டை எப்படித் தாண்டுவாள், அங்கேயும் முன்னால் முன்னால் நடந்து பஸ்ஸில் அடிபட்டால். இல்லை, அதெல்லாம் அப்புறம். முதலில் வாயைத் திறக்க வேண்டும். "ம்மா" என்று கூப்பிட்டாள். "ம்" என்றது முதுகு. "தண்ணி குடிக்கிறியா?" "வேணாம், நீ குடி." குடித்தாள். தாகமே இல்லை.

சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. முதலில் தகரக் கூரையில் மழை மாதிரி. அப்புறம் ஃபாக்டரியில் இலை அரைக்கிற ரோலர் மாதிரி. அப்புறம் எது மாதிரியும் இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நின்று மூச்சுவிடுகிற மாதிரி. காற்று குளிர்ந்துவிட்டது. ஸ்வெட்டரின் நூல் நுனிகளில் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியது, திரும்பியதும் அம்மா நின்றுவிட்டாள், முதல் தடவையாக. அம்மாவின் தோளுக்கு மேலே பெரிய தண்ணி நின்றது. விழுகிறது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பார்க்க நிற்கிற மாதிரிதான் இருக்கும், எப்போதும் அப்படித்தான். உச்சியைப் பார்க்கக் கழுத்தை முறிக்க வேண்டும். அங்கே சோலை மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளை நூல், அது பாதி வழியில் ஒரு திட்டில் மோதி, புகையாகி, புகை மறுபடியும் தண்ணீராகி, கீழே கறுத்த குழியில் விழுந்தது. இந்தப் பக்கத்துப் பாறையில் கைப்பிடிக் கம்பி இல்லை, டிக்கெட் இல்லை, எஸ்டேட் ஆட்கள் மட்டும் வருகிற பக்கம், இன்றைக்கு அவர்களும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் தூரத்தில் கலர் கலராக நாலைந்து பேர், எறும்பு மாதிரி. அம்மா வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு பார்த்தாள். ஜெனிட்டா முன்னால் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதடு அசைந்தது. கேட்கவில்லை. ஆ? என்றாள். அம்மா காதருகே வந்து கத்தினாள்: "இதுதானா இத்தன வருசமா கத்திட்டுக் கெடந்தது?"

சொல்லவேண்டுமென்றால் இப்போது. ஜெனிட்டா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நேத்து மஸ்டர்ல பேரு குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்ம்மா. வீடு போயிரும்னாங்க. தெரியும்னேன். சொல்லி முடித்தாள், முழுசாகச் சொல்லி முடித்தாள், ஒரு வார்த்தை விடவில்லை. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் தொட்டது மட்டும்தான் தெரிந்தது. அப்பாடா என்று ஒரு கணம் இருந்தது, அடுத்த கணம் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. கேட்காது என்று தெரிந்துதானே சொன்னாய். நாற்பது பேருக்கு முன்னால் அவ்வளவு சத்தமாகப் பேசின வாய், பெற்றவளிடம் வந்ததும் அருவிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பக்கவாட்டில் பார்த்தாள். அம்மாவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அம்மாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தாள். ஜெபத்துக்கு அந்த மாதிரி புருவம் ஏறாது. அம்மா எதையோ கேட்கிறாள், நிறுத்துகிறாள், தலையை ஆட்டிக்கொள்கிறாள், மறுபடியும் முதலில் இருந்து கேட்கிறாள். "என்னம்மா?" என்று ஜெனிட்டா கத்தினாள். அம்மா காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். "நீ என்ன சொன்ன?" என்று கத்தியது மட்டும் புரிந்தது. "ஒண்ணுமில்ல! நீ என்ன சொன்ன?" அம்மா அதற்கும் கையை ஆட்டினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றார்கள். சாரல் கண்ணிமையில் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தது. வெயில் திரும்பியபோது புகைக்குள் ஒரு வானவில் துண்டு வந்து, பார்த்தீர்களா என்று கேட்கிற மாதிரி நின்றுவிட்டுப் போனது. பிறகு அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்துக்கொண்டு வந்த வழியே விறுவிறுவென்று ஏறினாள். பாறை வளைவைத் தாண்டினார்கள். சத்தத்தை யாரோ பாதி மூடின மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினார்கள். ஒரு மரம் விழுந்து கிடந்தது. அம்மா அதில் உட்கார்ந்தாள்.

"எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "லைன்ல வாயத் தொறந்தா குருவம்மாவுக்குக் கேட்டுரும். செவுரு ஒண்ணுதான. ஒரு வாரமா ஒண்ணு பேசணும்னு இருக்கேன், எங்க வெச்சுப் பேசறதுன்னு தெரியல. பெரிய தண்ணிக்குப் போனா ஈ காக்கா இருக்காதுன்னு உன்னக் கூட்டியாந்தா, எனக்கே கேக்கல."

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்த சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. அம்மாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, இங்கேயும் குருவம்மா இருக்கிற மாதிரி. சுவருக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்து, சுவரைவிடப் பெரிய ஒன்றுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதட்டை ஆட்டியிருக்கிறார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், அடங்கினால் முடியாது, அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுகிற மாதிரி. சொன்னாள். இந்தத் தடவை அவளுக்கே கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, காட்டில் சுள்ளி முறிகிற மாதிரி.

அம்மாவின் சிரிப்பு வாயில் இருந்த கையோடு நின்றுவிட்டது. கை மெதுவாகக் கீழே இறங்கி மடியில் உட்கார்ந்தது.

"நேத்தா?"

"நேத்து காலைல."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"குருவம்மா?"

"அவங்கதான் முன்னாடி நின்னாங்க."

அம்மா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறாள் என்று தெரியவில்லை. இலைகளில் இருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஒன்று, இன்னொன்று, எங்கேயோ தள்ளி இன்னொன்று, யாரும் எண்ணாத சொட்டு. அழப்போகிறாள், இதோ அழப்போகிறாள் என்று ஜெனிட்டா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது, ஆனால் முகம் முழுக்க ஈரம், அதில் எது அருவி எது அம்மா என்று எப்படிப் பிரிப்பது. அழாதே. அழுதால் நான் போச்சு. அழுதால் நீ ஜெயித்துவிடுவாய், உனக்கே தெரியாமல் ஜெயித்துவிடுவாய். அம்மாவுக்குப் பின்னால் ஒரு மரப்பெரணி தன் சுருண்ட தளிரைப் பாதி பிரித்துக்கொண்டு நின்றது, அதைப் பார்த்தாள், அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு" என்றாள் அம்மா.

பார்த்தாள்.

"நான் அங்க நின்னு கேட்டுட்டு இருந்தது அதான். உன்னக் கேக்கறதப் பழகிட்டு இருந்தேன். அந்தாளு கேட்டுட்டாரு, நீயும் பதில் சொல்லிட்ட. ஆனா நான் கேக்கல பாரு. பெத்தவ நான் ஒரு தடவ கேக்காமப் போனா எனக்கு மனசு ஆறாது. கேக்கறேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லு." அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குப் பதிலா எலை எடுக்க வர்றியா ஜெனி?"

இது அவள் நினைத்து வைத்திருந்த கேள்விதான். நூறு தடவை மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்த கேள்வி. சூப்பர்வைசரிடம் பாதி நிமிஷத்தில் சொன்ன பதில். சொல்வதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் எப்போது பார்த்தோம்? மேல் உதட்டில் ஒரு மரு இருக்கிறது, இது எப்போதிலிருந்து இருக்கிறது? வலது கண் இடது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. இந்தக் கண் கேட்கிறது. கெஞ்சவில்லை, பயமுறுத்தவில்லை, கேட்கிறது, அவ்வளவுதான். கேட்டவளுக்கு நிஜத்தைச் சொல்லவேண்டும்.

"மாட்டேன்ம்மா" என்றாள். குரல் நடுவில் உடைந்தது, ஆனாலும் சொல் முழுசாக வந்தது.

"ம்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் அந்தக் காட்டில் நடந்தது. அருவி தன்பாட்டுக்குக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள், இவள் காலைப் பார்த்தாள், இவள் கணுக்காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது, அதை நகத்தால் வழித்து எறிந்தாள். எறிந்துவிட்டும் நிமிரவில்லை. கணுக்காலைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தக் கறுத்த விரல் சூடாக இருந்தது.

"எங்க போறது என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் அம்மா, கணுக்காலிடம் சொல்கிற மாதிரி. "பயமாத்தான் இருக்கு. அது கெடக்கட்டும். நாளைக்கு நான் மஸ்டருக்குப் போகணும். இன்னும் இருவது நாளு அவளுக மூஞ்சியில முழிக்கணும். மக பேச்சு தாய்க்குத் தெரியாதுன்னு ஒருத்தி சொல்லக் கூடாது. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். உங்கிட்டக் கேட்டா நீயும் அப்படியே சொல்லு."

"பொய்யா?"

"பொய்தான்."

ஜெனிட்டாவுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பது பெருமை இல்லை, பொறுமை கிடையாது, ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதைக் கட்டிக் காப்பாற்ற யாரால் முடியும். இதை இருபது நாள் காப்பாற்ற வேண்டும். அதற்கு அப்புறமும், எங்கே போனாலும். அம்மா தலைநிமிர்ந்து நடக்க ஒரு பொய் தேவைப்படுகிறது, அதையும் அம்மா பிள்ளையிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு கேட்டாள். ஒன்றுக்கு மாட்டேன் என்றாயிற்று.

"சரிம்மா. சொல்றேன்."

"எங்க, சொல்லு பாப்பம்."

"இப்பவா?"

"உன்ன எனக்குத் தெரியும்டி. கண்ணு காட்டிக் குடுத்துரும். சொல்லு. குருவம்மா கேக்கறா. ஏன்டி புள்ள, தாயக் கேக்காமயா இப்படிச் சொன்ன?"

குருவம்மா மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். சிரிக்கவில்லை.

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க" என்றாள் ஜெனிட்டா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"தரையில என்ன இருக்கு? நிமுந்து சொல்லு."

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

"இன்னொரு தடவ. சத்தமா. நாப்பது பேருக்குக் கேக்கணும்."

ஜெனிட்டா மூச்சை இழுத்தாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள், பெரிய கண்ணையும் சின்னக் கண்ணையும் சேர்த்து, காடே கேட்கிற மாதிரி சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது அது பொய் மாதிரியே இல்லை.